என்னை அவிசுவாசி என்றவர்களுக்கு

அம்மாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள். கான்சாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னால் சாமியானா பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. ஜெபம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வேனில் வந்திருந்த ஜெபக்குழுவின் பிரதர் என் அண்ணனைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். தனியே என்றால் பத்தடி தள்ளி. எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அந்தக் குரலில் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"அம்மாவுக்கு விசுவாசம் இருந்துச்சு பிரதர். மகளோட அவிசுவாசந்தான் வழிய மறிச்சிருச்சு."

அண்ணன் பதில் சொல்லவில்லை. நானும் அன்றைக்குச் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் கழித்து இப்போது சொல்கிறேன். அவருக்கு மட்டுமல்ல, அவரைப் போலப் பேசுகிற எல்லோருக்கும். அந்தப் பக்கம் நின்றுகொண்டு "இன்னுமா நீ கோயிலுக்குப் போற?" என்று என்னைக் கேட்கிற என் தோழிகளுக்கும்.

நடந்தது இதுதான். அம்மா நாற்று நட்டவள், களை எடுத்தவள், மாந்தோப்பில் கூடை சுமந்தவள். மாதவிலக்கு நின்று ஏழெட்டு வருஷம் ஆன பிறகு அவளுக்கு மறுபடியும் உதிரம் பட ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. பழைய சேலையைக் கிழித்து வைத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். இடுப்பு வலி தாங்க முடியாமல் கடைசியில் சொன்னது என்னிடம் அல்ல, ஜெபக்குழுவுக்கு வருகிற ஒரு சிஸ்டரிடம். அந்தக் குழு அவளை உட்கார வைத்து எண்ணெய் பூசி ஜெபித்தது. பிறகு மாற்கு சுவிசேஷம் 5ஆம் அதிகாரத்தைத் திறந்து, பெரும்பாடுள்ள ஸ்திரீயின் கதையைப் படித்தது. "பாத்தீங்களா அம்மா, பன்னிரண்டு வருஷம் வைத்தியர்கள்ட்ட காசெல்லாம் தொலைச்சா. குணமாச்சா? இல்லை. ஆண்டவரைத் தொட்டா, ஆச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனீங்கன்னா அவரை நம்பலன்னு அர்த்தம்."

அம்மா நான்கு மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அவரை நம்பினாள்.

நான் ஊருக்கு வந்து அவள் துணிகளைத் துவைக்க எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், மூன்றாம் நிலை. கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தாள். நான்கு மாதம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே அவிசுவாசி நான்தான். ஏனென்றால் அம்மாவை பஸ் ஏற்றியவள் நான்.

இப்போது அந்த 5ஆம் அதிகாரத்தை என்னோடு சேர்ந்து ஒருமுறை வாசியுங்கள். அவர்கள் படித்த அதே பக்கம்தான்.

முதலாவது, அந்தப் பெண் பன்னிரண்டு வருஷமும் வைத்தியரைத் தேடி அலைந்திருக்கிறாள். அதற்காக இயேசு அவளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அந்த வைத்தியர்களால் முடியவில்லை என்பது கதை. வைத்தியம் பாவம் என்பது கதையில்லை. இதே சம்பவத்தைத் தன் சுவிசேஷத்தில் எழுதிய லூக்காவே ஒரு வைத்தியர் என்பதுதான் சபையின் மரபு. கொலோசெயருக்கு எழுதிய நிருபமும் அவரை அப்படித்தான் அழைக்கிறது.

இரண்டாவது, அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தின்படி உதிரப்போக்குள்ள பெண் தீட்டு. அவள் உட்கார்ந்த இடமும் படுத்த பாயும் தீட்டு, அவற்றைத் தொட்டவரும் தீட்டு. அவள் கூட்டத்துக்குள் நுழைந்ததே சட்டமீறல். போதகர் ஒருவரின் உடையைத் தொட்டது அதைவிடப் பெரிய மீறல். அந்தக் காலத்து ஜெபக்குழு எதுவும் அவளுக்கு அதைச் சிபாரிசு செய்திருக்காது.

மூன்றாவது, ஒரு பெரிய மனிதர் காத்துக்கொண்டிருந்தார். ஜெப ஆலயத் தலைவர் யவீரு. அவருடைய மகள் சாகக் கிடக்கிறாள். அந்த அவசரத்திலும் இயேசு நடுவழியில் நின்று, தொட்டது யார் என்று கேட்கிறார். அவள் பயந்து நடுங்கிக்கொண்டே வந்து நடந்த உண்மை முழுவதையும் சொல்கிறாள். தலைவர் நிற்கிறார், கூட்டம் நிற்கிறது, ஒரு பெண் தன் கர்ப்பப்பையின் கதையைச் சொல்லி முடிக்கிறவரை ஆண்டவர் கேட்கிறார். அதன் பிறகுதான் அவளை மகளே என்று அழைத்து, அவளுடைய விசுவாசமே அவளைக் குணமாக்கியது என்கிறார்.

எதை அவர் விசுவாசம் என்று சொன்னார்? கீழ்ப்படிதலையா? அவள் எதற்கும் கீழ்ப்படியவில்லை. சந்தேகமே இல்லாத மனதையா? அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். தன் உடம்பு குணமாக வேண்டும் என்ற பிடிவாதத்தோடு, தடுத்த எல்லோரையும் விலக்கிக்கொண்டு நீட்டிய கையைத்தான் அவர் விசுவாசம் என்றார். அந்தக் கதையைக் காட்டித்தான் என் அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்தார்கள்.

என் குற்றச்சாட்டு இதுதான். நம் சபைகளில் "விசுவாசம்" என்ற சொல்லைப் பெண்களிடம் பேசும்போது மட்டும் வேறு பொருளில் பயன்படுத்துகிறார்கள். ஆணிடம் சொன்னால் அதற்குத் துணிவு என்று பொருள். பெண்ணிடம் சொன்னால் பொறு, அடங்கு, கேட்காதே என்று பொருள். புருஷன் அடிக்கிறான் என்று வந்து நிற்கிறவளிடம் "விசுவாசத்தோட ஜெபம் பண்ணும்மா, ஆண்டவர் அவரை மாத்துவார்" என்கிறார்கள். குழந்தை இல்லை என்றால் அவளுக்கு விசுவாசம் போதவில்லை. குழந்தை இறந்துவிட்டால் அதற்கும் அதே காரணம். எது நடந்தாலும் கணக்கு பெண்ணின் பேரில் எழுதப்படுகிறது. இதைத் தாங்க முடியாமல் ஒருத்தி கேள்வி கேட்டால், அதற்குத் தயாராக ஒரு சொல் இருக்கிறது: அவிசுவாசி.

வேதாகமத்தில் இப்படிப் பேசியவர்கள் இருக்கிறார்கள். யோபுவின் சிநேகிதர்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்து உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருந்தவரிடம் போய், உன் பக்கம்தான் ஏதோ குற்றம் இருக்கிறது என்று அதிகாரம் அதிகாரமாக விளக்கினார்கள். யோபு கடவுளையே வழக்குக்கு இழுத்தார். கடைசி அதிகாரத்தில் கடவுள் யார்மேல் கோபப்படுகிறார்? தம்மைக் குற்றம் சாட்டிய யோபுமேல் அல்ல. தமக்காக வாதாடிய அந்தச் சிநேகிதர்கள்மேல். யோபு பேசியதே சரி என்கிறார். துக்க வீட்டுப் பந்தலில் நின்று காரணம் கண்டுபிடிக்கிற எல்லோரும் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு வாயைத் திறக்கட்டும்.

சந்தேகத்தைப் பற்றியும் சொல்கிறேன். இந்த மண்ணுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர் என்று மரபு சொல்கிற அப்போஸ்தலர் யார்? தோமா. காயத்தில் விரலை வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று சொன்ன அதே தோமா. அவருக்குச் சென்னையில் பரங்கிமலை இருக்கிறது, சின்னமலை இருக்கிறது, சாந்தோமில் பேராலயம் இருக்கிறது. சந்தேகப்பட்ட ஆணுக்கு நாம் மலையையே கொடுத்திருக்கிறோம். ஆனால் கல்லறை காலியாக இருப்பதைப் பார்த்து ஓடிவந்து முதலில் சொன்னவர்கள் பெண்கள். அந்தச் செய்தியைச் சீஷர்கள் பிதற்றல் என்று தள்ளியதாக லூக்கா 24ஆம் அதிகாரம் சொல்கிறது. பெண்களை நம்பாத அந்த ஆண்களை யாராவது அவிசுவாசிகள் என்று பிரசங்கம் செய்து நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

மார்த்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அவளைச் சமையலறைக்காரியாகத்தான் நமக்குத் தெரியும். ஆனால் சகோதரன் லாசரு இறந்த பிறகு தாமதமாக வந்த இயேசுவை ஊருக்கு வெளியிலேயே மறித்தவள் அவள். நீர் இங்கே இருந்திருந்தால் அவன் செத்திருக்க மாட்டான் என்று நேருக்கு நேர் கேட்டாள். அந்தக் குறையைச் சொன்ன அதே வாயால், அதே பேச்சில், அவரே கிறிஸ்து என்று அறிக்கையிட்டாள். பேதுரு அப்படி அறிக்கையிட்டதை ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். மார்த்தாள் அறிக்கையிட்டதை எத்தனை சபைகளில் வாசிக்கிறார்கள்? குறை சொல்வதும் நம்புவதும் ஒரே மூச்சில் நடக்கலாம் என்று அவள் காட்டினாள். அதனால்தான் அவளை அடுப்படிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

நம் நாட்டிலும் இப்படிப் பெண்கள் இருந்திருக்கிறார்கள். பண்டித ரமாபாய் 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். பெற்ற கையோடு தன்னை வளர்க்க வந்த ஆங்கிலிக்கன் கன்னியரோடு வாதாடத் தொடங்கினார். திரித்துவம் ஏன், சபையின் அதிகாரம் ஏன், என் மனசாட்சிக்கு மேலே யார் என்று கடிதம் கடிதமாகக் கேட்டார். புரோகிதர்களின் நுகத்தை இப்போதுதான் உதறியிருக்கிறேன், அதேபோல இன்னொன்றை ஏன் ஏற்க வேண்டும் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். சகோதரி ஜெரல்டின் அதை ஆணவம் என்று பார்த்தார். ஆனால் அந்த ஆணவக்காரிதான் பிற்பாடு கேட்கானில் முக்தி மிஷனைக் கட்டி, விதவைகளுக்கும் பஞ்சத்தில் அடிபட்ட பெண்களுக்கும் சோறும் தொழிலும் படிப்பும் கொடுத்தார். வேதாகமம் முழுவதையும் தானே மராத்தியில் மொழிபெயர்த்தார். கேள்வி கேட்டவள் ஓடிவிடவில்லை. 1922இல் சாகும்வரை கிறிஸ்தவளாகவே இருந்தார்.

அன்னை தெரசாவின் கதை வேறு மாதிரி. அவர் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2007இல், அவருடைய கடிதங்கள் புத்தகமாக வந்தன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அவருக்கு உள்ளே இருட்டாகவே இருந்திருக்கிறது. கடவுள் இருப்பதாக உணரவே முடியாமல், நடுச்சாமத்திலும் விடியலிலும் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார். வெளியே சிரிப்பு. அதை ஆன்ம குருக்களிடம் மட்டுமே சொன்னார். கடிதங்களை அழித்துவிடும்படியும் கேட்டுக்கொண்டார். திருச்சபை 2016இல் அவரைப் புனிதர் ஆக்கியது. அவருடைய உறுதியை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த மௌனத்தைப் பெண்களுக்கு முன்மாதிரியாக வைப்பதை எதிர்க்கிறேன். ஐம்பது வருஷம் ஒரு பெண் இருட்டில் இருந்ததை அவள் சக கன்னியருக்குக்கூடச் சொல்ல முடியவில்லை என்றால், அதில் புனிதம் அவளுடையது; வெட்கம் நம்முடையது.

எங்கள் வட்டாரத்திலேயே பாமா இருக்கிறார். வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டிக்காரர். ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்ய வேண்டும் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கே சாதியும் வசதியும் தங்களுக்கென்று தனி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏழு வருஷத்தில் வெளியே வந்தார். 1992இல் 'கருக்கு' வெளிவந்தது. அவர் கத்தோலிக்கர், நான் புராட்டஸ்டண்ட். வேலி வேறு, மண் ஒன்று. கல்லூரியில் அதைப் படித்தபோது எனக்குக் கிடைத்தது கடவுள் இல்லை என்ற செய்தி அல்ல. சாந்தமும் பணிவும் மட்டுமே எங்களுக்குப் போதிக்கப்பட்டது, அநியாயத்தைக் கண்டு கோபப்பட்ட இயேசு எங்களிடமிருந்து மறைத்துவைக்கப்பட்டார் என்ற செய்திதான். மடத்தை விட்டு வெளியே வருவது ஒன்று. இயேசுவை அங்கேயே விட்டுவிட்டு வருவது வேறொன்று.

இங்கேதான் என் தோழிகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். உன் அம்மாவைச் சாகடித்த இடத்தில் உனக்கு என்ன வேலை? பெண்ணியம் பேசுகிறவள் பிதாவே என்று எப்படி ஜெபிக்கிறாய்?

முதலில் ஒன்று. கிறிஸ்தவம் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பட்டுச்சேலை அல்ல. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவர் ஆகிவிட்டால் பட்டியல் சாதிக்காரர் அல்ல. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அந்தக் கதவு திறக்கப்பட்டது. எங்களுக்கு இன்றுவரை இல்லை. சேரியும் மாறவில்லை, வசவும் மாறவில்லை, சான்றிதழ் மட்டும் மாறிவிடும். இதனால் சான்றிதழில் ஒரு பெயரும் ஞானஸ்நானத்தில் ஒரு பெயருமாக வாழ்கிறவர்கள் ஏராளம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை படிக்க வேண்டும். ஆனால் என் அம்மா அப்படிச் செய்ய மறுத்தாள். "முழுகுனது முழுகுனதுதான்" என்றாள். நான் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழோடு, கிடைக்காத உதவித்தொகைகளைப் பார்த்துக்கொண்டே படித்தேன். கைநாட்டு வைக்கிற ஒரு பெண் இவ்வளவு விலை கொடுத்து வைத்திருந்த ஒன்றை, ஒரு வேன் நிறைய வந்தவர்களின் பேச்சுக்காக நான் விட்டுவிட வேண்டுமா? சொத்து என்று அவள் எனக்கு வைத்துவிட்டுப் போனது அது ஒன்றுதான்.

இரண்டாவது, உள்ளே இருந்து சண்டை போட்டவர்களால்தான் பல கதவுகள் திறந்திருக்கின்றன. 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில், கிறிஸ்தவக் கணவன் மனைவியின் விபசாரத்தை மட்டும் காட்டி விடுதலை பெறலாம். மனைவிக்கு அது போதாது; கூடவே கொடுமையோ கைவிடலோ நிரூபிக்க வேண்டும். கிறிஸ்தவப் பெண்கள் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு 2001இல்தான் அது திருத்தப்பட்டது. கேரளத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்றிருந்த வாரிசு முறையை 1986இல் உச்ச நீதிமன்றத்தில் முறியடித்தவர் மேரி ராய் என்ற சிரியன் கிறிஸ்தவப் பெண். தென்னிந்தியத் திருச்சபையில் 1976இல் முதல் பெண் குரு அபிஷேகம் பெற்றார். 2013இல் புஷ்ப லலிதா பேராயர் ஆனார். எல்லோரும் கோபித்துக்கொண்டு வெளியே போயிருந்தால், உள்ளே யார் மிஞ்சியிருப்பார்கள்? அந்த பிரதரும் அவருடைய மைக்கும்தான்.

வெளியே போனவர்களை நான் பழிக்கவில்லை. போகத்தான் வேண்டும் என்ற நிலை சிலருக்கு வரும். அங்கே உயிரும் மானமும் முதலில். ஆனால் விட்டுவிட்டுப் போவதுதான் தைரியம், இருப்பது அடிமைத்தனம் என்று என்னிடம் சொல்லாதீர்கள். அதுவும் எனக்குப் பதிலாக இன்னொருவர் முடிவு செய்வதுதானே.

மூன்றாவது காரணம்தான் உண்மையான காரணம். அதை வாதமாக வைக்க முடியாது. நடந்ததாகச் சொல்லத்தான் முடியும்.

கடைசி மாதங்களில் அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. நானும் விழித்திருப்பேன். எனக்குள் அப்போது ஜெபம் முற்றிலும் நின்றுபோயிருந்தது. வாயைத் திறந்தால் வார்த்தை வராது. ஒரு ராத்திரி கேட்டேன். "உனக்குச் சந்தேகமே வரலியாம்மா?"

"வராம என்னத்தா? இந்த வலிக்கு வராம இருக்குமா?"

"அப்ப என்ன செய்வ?"

"ஏசுவேன். வாய்க்கு வந்தபடியெல்லாம் அவர ஏசுவேன். நீ தூங்கிட்டன்னு நெனச்சு ஏசுவேன்." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "இல்லாத ஆள எவளாச்சும் ஏசுவாளா?"

ஸ்ரீவில்லிபுத்தூர் எங்களுக்குப் பக்கம். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தன் கடவுளை எப்படியெல்லாம் கோபித்துக்கொண்டாள் என்பது ஊருக்கே தெரியும். நாச்சியார் திருமொழி முழுக்க அந்த உரிமைதான். அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் இந்த மண்ணில் பெண்கள் கடவுளோடு இப்படித்தான் பேசி வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. கைகட்டி அல்ல.

அன்றிலிருந்து நானும் ஏசத் தொடங்கினேன். அதுதான் என்னுடைய ஜெபம் திரும்பி வந்த வழி. சந்தேகம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது சில வரிகளில் என் வாய் மூடிக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லுவார்கள். சபை என்பது அதற்குத்தான் என்று நினைக்கிறேன். எனக்கு வராத வரியை அடுத்தவள் சொல்லட்டும். அவளுக்கு வராத நாளில் நான் சொல்கிறேன்.

சபைகளிடம் நான் கேட்பது பெரிய இறையியல் அல்ல. பெண்கள் ஐக்கிய சங்கம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. அசனத்துக்கு அரிசி புடைக்கவும் கன்வென்ஷனுக்குக் கோலம் போடவும் அவர்களைக் கூப்பிடுகிறீர்கள். ஒரு நாள் அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். முப்பது வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை அரசு இலவசமாகச் செய்கிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாக்கக்கூடிய நோய் இது. உதிரம், வெள்ளை, வலி என்ற சொற்களைப் பலிபீடத்துக்கு முன்னால் நின்று சொல்ல ஒரு பெண்ணுக்கு இடம் கொடுங்கள். நடுவழியில் நின்று கேட்ட ஆண்டவரின் சபைதானே இது. விசுவாசம் வேண்டும் என்று அவளிடம் சொல்வதற்கு முன்னால், உண்மை முழுவதையும் அவள் சொல்லி முடிக்கட்டும்.

அந்த பிரதரை இந்த வருஷம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "சிஸ்டர், இப்ப விசுவாசத்துல இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இருக்கேன் பிரதர்," என்றேன். "நீங்கதான் இன்னும் எங்கம்மாவுக்குப் பதில் சொல்லல."